வசாய் கோட்டை மடங்கள்: சுவருக்குள்ளே என்ன இருந்தது?

கல்சுண்ணாம்பு:
மும்பைக்கு வடக்கே இருக்கிற வசாய் கோட்டை என்று இந்தக் குழுவில் வருகிற படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். வேர் பிடித்த சுவர், பாதி நிற்கிற வளைவு, அதன் கீழே கல்யாண ஜோடி. அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நிற்பதில் பாதிக்கு மேல் வெறும் சர்ச் இல்லை, துறவு மடங்கள். பிரான்சிஸ்கன், சேசு சபை, தோமினிக்கன், அகுஸ்தீனியர் என்று கத்தோலிக்கத் துறவு சபைகள் ஆளுக்கொரு மடம் அந்த மதிலுக்குள் வைத்திருந்தார்கள். அங்கேயே தூங்கி, சாப்பிட்டு, பாடி, செத்து, தரைக்கடியில் போனவர்கள். மடத்துக்கு முகப்பை விட உட்புறம்தான் முக்கியம், அந்த உட்புறத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதக் காணோம். நான் கட்டட வேலை பார்ப்பவன், அதனால் சுவரில் தெரிவதை வைத்துப் பேசுகிறேன். மற்றதை நீங்கள் சேர்க்கலாம்.

கதை சுருக்கமாக: 1534-ல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசாயைப் போர்ச்சுகீசியருக்கு எழுதிக் கொடுக்கிறார். 1739 மே மாதம் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படை முற்றுகையில் பிடிக்கிறது. இடையில் இருநூறு வருஷம். அதற்குள் கட்டியது, வாழ்ந்தது எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது சுவருக்கு வருவோம். பிரான்சிஸ்கன் மடத்துக்குள் போனால் கல்லில் சதுரச் சதுரமாக ஓட்டைகள் தெரியும். எல்லா ஓட்டையும் ஒன்றல்ல. சின்னதாக, சுவர் முழுக்கச் சீரான இடைவெளியில் மேலே ஏறிக்கொண்டே போனால் அது சாரக் கட்டைக்கு விட்ட ஓட்டை, கட்டி முடித்து மூடியது பின்னால் திறந்துகொண்டது. பெரிதாக, ஒரே மட்டத்தில் வரிசையாக இருந்தால் அது உத்தரம் உட்கார்ந்த குழி. அந்த மட்டம்தான் மச்சுத் தளம். அதற்கு மேலே ஜன்னல் இருந்தால் அங்கே ஒரு அறை இருந்திருக்கிறது, யாரோ படுத்திருக்கிறார்கள். இது ஒன்று பிடிபட்டுவிட்டால் அந்த இடம் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். இப்போது மேலே வெறும் வானம்தானே என்று நினைப்பீர்கள், ஆனால் உங்கள் தலைக்கு மேலே ஒரு தேக்குத் தளம் இருந்தது, அதன் மேல் ஆட்கள் நடந்தார்கள்.

இன்னொன்று, அந்தக் கருங்கல் தோற்றமே பொய். சுவர் முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளையடித்து இருந்தது. மூலைகளில், வளைவுக்கு அடியில், மழை படாத இடங்களில் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவு நிலை, ஜன்னல் சட்டம், தூண் தலை மாதிரி செதுக்கின கல் மட்டும் வெளியே தெரியும். வெள்ளைச் சுவரில் கறுப்புக் கரை போட்ட மாதிரி.

மாட்டுங்கா வெங்கி:
பழைய கோவாவில் பாம் ஜீசஸ் பசிலிக்கா சிவப்பாக இருக்கிறதே, அதுவும் இப்படித்தானா?

கல்சுண்ணாம்பு:
அதேதான். பூச்சை 1950-களில் உரித்துவிட்டார்கள், பழமையாகத் தெரியட்டும் என்று. செம்பாறாங்கல் மழை குடிக்கிற கல், அதை வெறும் உடம்போடு கோவா மழையில் நிறுத்தினால் என்ன ஆகும்? திரும்பப் பூச வேண்டும், வேண்டாம் என்று இன்றைக்கு வரை சண்டை. நான் பூச வேண்டும் கட்சி. ஒரு விஷயம் கவனித்தீர்களா, அந்த முகப்பில் கறுப்பாக இருக்கிற செதுக்கு வேலைக்கெல்லாம் கல் வசாயிலிருந்துதான் கப்பலில் போனது. நம் ஊர்க் கல் அங்கே பத்திரமாக இருக்கிறது, இங்கேதான் மரம் முளைத்து நிற்கிறது.

ஹிஸ்டரி தம்பி:
அண்ணா, கூரை எப்படி? கோவா மாதிரி கல் வளைவா, ஓடா? எல்லா இடத்திலும் கூரை மட்டும் இல்லை, அதனால் கேட்கிறேன்.

கல்சுண்ணாம்பு:
பெரும்பாலும் மரச்சட்டம், மேலே ஓடு. பலிபீடம் இருக்கிற பகுதி, பக்கச் சிற்றாலயங்கள் மாதிரி குறுகிய இடங்களில் கல்லாலோ செங்கல்லாலோ வளைத்து மூடியிருப்பார்கள், அதனால்தான் அவை இன்னும் நிற்கின்றன, நடுக்கூடம் திறந்து கிடக்கிறது. இதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. 1618 மே 15 அன்று வசாயில் ஒரு பெரும் புயல் அடித்தது. பிரான்சிஸ்கன், அகுஸ்தீனிய மடங்கள் நாசமாயின, பெரிய கோயில்களின் கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது என்று பதிவு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் தென்னை விழுந்ததாம். கல் வளைவைக் காற்று பிய்க்காது, ஓட்டுக் கூரையைத்தான் பிய்க்கும். ஆகவே நாம் இன்று பார்ப்பதில் நிறைய 1618-க்குப் பிறகு பழுதுபார்த்து ஒக்கிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

1739-க்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஆள் இல்லாத ஓட்டுக் கூரை எத்தனை மழை தாங்கும்? ஒரு ஓடு நகர்ந்தால் உத்தரம் நனையும், உத்தரம் இற்றால் மச்சு இறங்கும். அதற்கு முன்னாலேயே நல்ல தேக்கை யாராவது கழற்றிக்கொண்டு போயிருந்தால் வேலை இன்னும் சுலபம். வெறும் மரத்துக்காகவே பிரித்த வீடுகளை நம் ஊரில் நாம் பார்க்காததா.

குமரி அக்கா:
தம்பி கட்டடத்தைச் சொல்லிவிட்டார், நான் அதற்குள் ஆளை வைக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில்களில் வளர்ந்தவள், இப்போது வசாய்ப் பக்கத்தில் நாலாசோபாராவில் இருக்கிறேன், திருவிழாவுக்கு அந்தக் கோட்டைக்குப் போய் வருகிறவள்.

உள்ளே நுழைந்ததும் தலைவாசலுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். அங்கே ஒரு மாடம் இருந்திருக்கும், அதைத் தாங்கிய வளைவோ உத்தரக் குழியோ தெரியும். போர்ச்சுகீசிய மடக் கோயில்களில் துறவிகள் பாடுகிற இடம் அதுதான், ஜனங்களுக்கு முதுகுப் பக்கம், மேலே. விடியற்காலை, ராத்திரி என்று ஒரு நாளைக்குப் பல வேளை கூடிச் சங்கீதம் பாடுவார்கள். அதற்கு மச்சிலிருந்தே நேராக வாசல் இருக்கும், தூங்கும் அறையிலிருந்து கீழே இறங்காமலே பாட வந்துவிடலாம். சுவரில் பாதி உயரத்தில் எதற்கு இங்கே ஒரு கதவு என்று குழம்ப வைக்கிற வாசல்கள் சில இதற்குத்தான்.

நடுக்கூடத்தின் ஒரு பக்கச் சுவரில் பிரசங்க மேடை. பலிபீடத்துக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு மரத்தில் செதுக்கிப் பொன் பூசிய அடுக்கு, மாடங்களில் சுரூபங்கள், அதாவது புனிதர் சிலைகள். ஜன்னல்களில் கண்ணாடி இருந்திருக்காது, மெல்லிய சிப்பித் தகடுகளை மரச் சட்டத்தில் சொருகியிருப்பார்கள், கோவாப் பழைய வீடுகளில் இன்றும் இருக்கிறது. அந்த வெளிச்சம் பால் மாதிரி உள்ளே விழும், கண் கூசாது. மெழுகுவர்த்தியும் அந்த வெளிச்சமும் பொன் பூச்சில் பட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் பூசை உடுப்புகளை மடிக்காமல் நீட்டி வைக்கிற அகலமான இழுப்பறைகள், கை கழுவக் கல்தொட்டி.

கோயிலை ஒட்டிச் சதுர முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், செட்டிநாட்டு வீட்டின் வளவு மாதிரி. சாப்பாட்டு அறை, கூடிப் பேசுகிற அறை எல்லாம் அதைச் சுற்றித்தான். சாப்பிடும்போது பேசக் கூடாது, ஒருவர் மட்டும் சுவர் மேடையில் நின்று புனிதர் சரித்திரம் வாசிப்பார்.

இதை எல்லாம் முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் பழைய கோவாவில் புனித பிரான்சிஸ் அசிசி கோயிலுக்குப் போங்கள். அதுவும் பிரான்சிஸ்கன் மடம்தான், மடப் பகுதியில் இப்போது தொல்லியல் துறை அருங்காட்சியகம். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், பொன் பூசிய பீடம், இரண்டு பக்கமும் சித்திரப் பலகைகள். அதைப் பார்த்துவிட்டு வசாய்க்கு வந்தால் எது எங்கே இருந்தது என்று கையை நீட்டிச் சொல்லலாம்.

மாட்டுங்கா வெங்கி:
அக்கா, பிரமாதம். புனித கோன்சாலோ கார்சியா அந்த மடத்துக்காரர்தானே?

குமரி அக்கா:
சபை அதுதான், ஆனால் வசாய் பிரான்சிஸ்கன் மடத்தில் இருந்தவர் இல்லை. வசாயில் பிறந்தார், சிறு வயதில் சேசு சபையாரிடம் படித்தார், ஜப்பானுக்கு வியாபாரமும் ஊழியமுமாகப் போனார், பிரான்சிஸ்கனாகச் சேர்ந்தது மணிலாவில். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்ட 26 பேரில் ஒருவர். 1862-ல் புனிதர் பட்டம். எங்கள் ஊர் தேவசகாயத்துக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதனால் எனக்கு இவர் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. கோட்டைக்குள் அவர் பேரில் திருவிழா நடப்பது சேசு சபைக் கோயிலில், முகப்பில் வரி போட்ட தூண்கள் நிற்குமே, அது.

ஹிஸ்டரி தம்பி:
உள்ளே இருந்ததெல்லாம் எங்கே போனது என்று கேட்டால் நேரான பதில் ஒன்று: மணிகள் கோயில்களில் தொங்குகின்றன. வெற்றி அடையாளமாக வசாயிலிருந்து மராட்டியர் எடுத்துப்போன மணிகளில் ஒன்று பீமாசங்கரில், சனி சன்னிதிக்கு முன்னால். ஒன்று நாசிக்கில் நாரோசங்கர் கோயிலில், 1721 என்று வருஷம் பொறித்தது. ஒன்று வாய் என்ற ஊருக்குப் பக்கத்தில் மேணவலியில், பேஷ்வாக்களின் அமைச்சர் நானா பட்னவீஸின் வாடாவுக்கு (மாளிகைக்கு)ப் பின்னால் கிருஷ்ணா நதித் துறையில். கொள்ளை என்றால் கொள்ளைதான், அதை அழகாகச் சொல்ல வேண்டியதில்லை.

போரிவலிக்காரன்:
கொள்ளை என்றால் கணக்கை முதலிலிருந்து எழுதுங்கள் தம்பி. எங்கள் வீட்டுப் பக்கம் மண்டபேஸ்வர் குகை இருக்கிறது. பாறையில் குடைந்த சிவன் கோயில், போர்ச்சுகீசியர் வருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முந்தியது. பிரான்சிஸ்கன்கள் 16-ம் நூற்றாண்டில் அதைப் பிடித்துச் சிற்றாலயமாக்கினார்கள், குகைக்கு மேலேயே மடமும் கல்லூரியும் கட்டினார்கள். பாறையில் செதுக்கிய சிலுவை இன்றைக்கும் இருக்கிறது. உள்ளே நடராஜர் ஆடுகிறார், வெளிச் சுவரில் சிலுவை, மேலே கூரையில்லாத மடத்துச் சுவர். 1739-க்குப் பிறகு மறுபடி கோயில். இப்போது முன்னால் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

ஹிஸ்டரி தம்பி:
இரண்டும் நடந்தது, இரண்டையும் எழுத வேண்டும். நான் ஒரு பக்கம் நிற்கவில்லை.

கல்சுண்ணாம்பு:
இந்தச் சண்டையை இங்கே வளர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. மணி தப்பித்ததற்குக் காரணம் அது இன்னொருவருக்கும் பயன்பட்டது என்பதுதான். வெண்கலம் எந்த மதத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கும். பொன் பூசிய பீடத்தை எடுத்து யார் என்ன செய்வார்கள்? சரணடைந்தபோது குடும்பத்தோடும் தூக்க முடிந்த சாமான்களோடும் வெளியேற விட்டார்கள். ஆகவே சுரூபம், வெள்ளிச் சாமான், உடுப்பு மாதிரி கைக்கு அடங்கியது கிளம்பியவர்களோடு போயிருக்க வழியுண்டு. சுவரோடு சேர்ந்தது சுவரோடு நின்றது.

மாட்டுங்கா வெங்கி:
மும்பைக்குள்ளேயே இப்படி ஏதாவது இருக்கிறதா? வசாய்க்கு லோக்கலில் ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டே போக என் முழங்காலுக்கு முடியாது.

பரேல்வாசி:
இருக்கிறது, அதுவும் உங்களில் பாதிப் பேர் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள். டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஆசார்ய தோண்டே சாலையில் நடந்திருக்கிறீர்களா? ஹாஃப்கின் நிறுவனம் அங்கேதான். அந்தப் பழைய மாளிகைக்குள் ஒரு சேசு சபை மடம் ஒளிந்திருக்கிறது.

1720 வாக்கில் ஆங்கிலேயர் அதைச் சபையாரிடமிருந்து பறித்தார்கள், ஆளுநரின் ஓய்வு மாளிகையாக்கினார்கள். இடிக்கவில்லை. மடத்துச் சிற்றாலயமாக இருந்த நீளக் கூடத்தையே விருந்துக் கூடமாக்கினார்கள். பூசை நடந்த இடத்தில் சாப்பாட்டு மேஜை! பின்னால் அதன் மேல் நடனக் கூடம் வந்தது. 1770-களிலிருந்து ஆளுநர்கள் அங்கேயே குடியிருக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் பரேல் ஆலைப் பகுதியாகிப் புகை, சாக்கடை, காய்ச்சல். 1880-களில் ஆளுநரின் மனைவி ஒருவர் அந்த வீட்டிலேயே காலராவில் இறந்த பிறகு மலபார் முனைக்கு நகர்ந்துவிட்டார்கள். 1896-ல் பிளேக். தடுப்பூசி கண்டுபிடித்த ஹாஃப்கினுக்கு 1899-ல் இந்த வீட்டை ஆய்வுக்கூடமாகக் கொடுத்தார்கள். பூசைக் கூடம், விருந்துக் கூடம், ஊசி மருந்துக் கூடம். 1925-லிருந்து அவர் பெயர்.

வசாயில் உட்புறம் போய்விட்டது, கூடு இருக்கிறது. இங்கே உட்புறத்தின் மேல் வேறு உட்புறம் வந்து உட்கார்ந்துவிட்டது. மடமாக இருந்ததற்கு அடையாளம் தேடினால் கூடத்தின் நீள அகலத்தையும் உயரத்தையும்தான் பார்க்க வேண்டும். யாரும் சாப்பிடுவதற்கென்று அப்படி ஒரு கூடம் கட்ட மாட்டார்கள். அது ஆய்வு நிறுவனம், நினைத்தபோது உள்ளே போக முடியாது, அனுமதி கேட்டுப் போக வேண்டும்.

குமரி அக்கா:
இத்தனை தடவை டாடாவுக்குப் போயிருக்கிறேன், இது தெரியாமல் போய்விட்டதே. சொன்னதற்கு நன்றி ஐயா.

போரிவலிக்காரன்:
பெரிய கேள்வி ஒன்று. வசாயில் மறுபடி கூரை போடலாமா? சேசு சபைக் கோயிலில் திருவிழாவுக்காக ஒக்கிட்டார்கள், அது மாதிரி மற்றதையும்?

கல்சுண்ணாம்பு:
வேண்டாம் என்பேன். எந்தக் கூரை என்று கேட்டால் பதில் யாரிடமும் இல்லை. 1618-க்கு முன்னாலா, பின்னாலா? சட்டத்தின் சாய்வு எவ்வளவு? வெறும் ஊகத்தில் கான்கிரீட் போட்டுப் பெயின்ட் அடித்தால் இருக்கிற சாட்சியும் போய்விடும். சிமென்ட் பூச்சு இன்னும் மோசம், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும், சிமென்ட் அதை அடைத்துவிடும், பிறகு உள்ளேயிருந்தே கல் பொரியும். செய்ய வேண்டியது அலுப்பான வேலைதான். சுவர் உச்சியில் சுண்ணாம்புக் காரை போட்டு மூடுவது, வருஷா வருஷம் செடியை வேர் பெருக்கும் முன் எடுப்பது, தண்ணீர் வடிய வழி. அப்புறம் ஒவ்வொரு மடத்திலும் ஒரு பலகை: இது முற்றம், இது சாப்பாட்டு அறை, மேலே பாருங்கள், அங்கே தளம் இருந்தது. இவ்வளவுதான் கேட்கிறேன்.

குமரி அக்கா:
திருவிழா நடக்கிற கோயிலை விட்டுவிடுங்கள் தம்பி. அங்கே ஜனம் பூசை பார்க்கிறது, மழை ஒழுகக் கூடாது. உயிரோடு இருக்கிற கோயிலுக்கும் இடிபாட்டுக்கும் ஒரே சட்டம் போட முடியாது.

கல்சுண்ணாம்பு:
அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன் அக்கா.

ஹிஸ்டரி தம்பி:
மழைக்குப் பிறகு ஒரு நாள் போகலாம் என்று இருக்கிறேன், யார் வருகிறீர்கள்? பாயந்தரிலிருந்து வண்டிகளையும் ஏற்றுகிற ரோ-ரோ படகில் போனால் கோட்டைப் பக்கமே இறங்கலாம், வெங்கி சார் முழங்காலுக்கும் நல்லது. பிரான்சிஸ்கன் கோயில் தரையில் இருக்கிற கல்லறைக் கற்களைப் படிக்க ஆசை, தேய்ந்து போயிருக்கின்றன. சாக்பீஸ் தேய்த்தால் எழுத்து எடுப்பாகத் தெரியும் என்கிறார்களே?

கல்சுண்ணாம்பு:
சாக்பீஸைத் தொடாதே. அது கல்லின் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், தேய்க்கிற தேய்ப்பில் இருக்கிற எழுத்தும் கொஞ்சம் போகும், அதோடு அது பாதுகாக்கப்பட்ட சின்னம், காவலாளி கேட்டால் என்ன சொல்வாய்? காலையில் வெயில் சாய்வாக இருக்கும்போது போ. இல்லையென்றால் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடி, ஒருவர் குடையால் மேல் வெளிச்சத்தை மறைக்கட்டும். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நாலு பக்கமிருந்தும் அடித்து நாலு படம் எடு, ஒன்றில் தெரியாதது இன்னொன்றில் தெரியும். பெரும்பாலும் போர்ச்சுகீசில், சொற்களைச் சுருக்கி எழுதியிருக்கும், இங்கே போடுங்கள், சேர்ந்து படிக்கலாம். பேர் தெரியாவிட்டாலும் சில கல்லில் குடும்பச் சின்னம் இருக்கும்.

மாட்டுங்கா வெங்கி:
குடையும் டார்ச்சும் நான் கொண்டு வருகிறேன். காலை எத்தனை மணிப் படகு?